மூன்று வேளைச் சாப்பாடு

நாகலூர் தாண்டி இடப்பக்கம்
பட்டா யார் பேரில் என்று தெரியாத ஒரு காப்பிக்காடு.
நேற்றுச் சாயங்காலம் அங்கே
நாற்பது தகரப் பொறி வைத்தோம்.
பொறிக்கு ஒரு துண்டுக் கருவாடு, ஒரு சில்லு சுட்ட தேங்காய்.
ஜீப் ஓட்டுகிற அந்தோணிதாஸ் முகர்ந்துவிட்டுச் சொன்னார்:
"எலிக்கு வைக்கிறதுல கொஞ்சம் நமக்கும் வைங்க மேடம்."

காலை ஆறு மணி. பனி விலகவில்லை.
பதினேழு பொறி மூடியிருந்தது.
ஒன்றில் மூஞ்சூறு, ஒன்றில் வெறும் காற்று.
பதினொன்றாம் எண்ணில்
பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாய் ஒரு காட்டெலி
தேங்காயைத் தின்று முடித்துவிட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அதற்கு ஒன்றும் இல்லை.
காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை.
இடது காதின் உள்மடிப்பில் மட்டும்
கடுகைவிடச் சின்னதாய் ஒன்பது உண்ணிக் குஞ்சுகள்,
ஆளுக்கு ஆறு காலோடு,
பந்தியில் உட்கார்ந்திருந்தன.

உண்ணிக்கு ஆயுளுக்கே மூன்று வேளைச் சாப்பாடு.
முதல் பந்தி எலியிடம்.
தின்று, உதிர்ந்து, சருகுக்குள் தோலுரித்து
எட்டுக் காலோடு எழுந்துவரும்.
இரண்டாவதும் எலிதான், கிடைத்தால்.
மூன்றாவது மாடு, நாய், கேளையாடு,
வழியில் வருகிற யாரோ.
நடுவில் மாதக்கணக்கில் பட்டினி.
புல்நுனியில் முன்னங்கால் இரண்டையும் விரித்தபடி
கடைசி பஸ் போனது தெரியாமல்
ஸ்டாப்பில் நிற்கிறவரைப் போல நின்றுகொண்டிருக்கும்.

அதற்குள் இருப்பதற்குக் காலும் கிடையாது, வாயும் கிடையாது.
இன்னொரு உயிரின் அறைக்குள் அல்லாமல்
வாழத் தெரியாத குடக்கூலி.
உண்ணியிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து உண்ணிக்கு,
தாயுண்ணி முட்டையிடும்போது
பிள்ளைகளுக்குச் சீதனமாகவும் கொஞ்சம்.
அம்மாப்பேட்டையில் நான் கட்டுகிற ஏலச்சீட்டு மாதிரி
யாரிடமும் தங்குவதில்லை,
யாரோ ஒருவரிடம் இல்லாமலும் இருப்பதில்லை.
ஒரே வித்தியாசம்,
இங்கே இதுவரை யாரும் ஓடிப்போனதில்லை.

தீர்த்தம்மா இந்தச் சீட்டில் சேராதவள்.
போன டிசம்பரில் இதே காட்டில்
நாள்கூலிக்குப் பழம் பறித்தாள்.
ஆறு நாள் காய்ச்சல்.
ஒரு நாள் மந்திரிப்பு, ஒரு நாள் ஊசி,
டைபாய்டு என்று எழுதிய இன்னொரு சீட்டு.
இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தியெடுத்தே இறங்கி
சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வந்தபோது
உள்ளங்கை, உள்ளங்கால் எங்கும்
குங்குமம் சிந்தியது போலப் பொட்டுப் பொட்டாய்.
இரவு டூட்டியில் இருந்த டாக்டர் ஃபர்ஹத்
பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தாள்.
நாடா அழுத்துகிற இடத்தில்
வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பொருக்கு.

அப்புறம் டாக்ஸிசைக்ளின், காலையும் இரவும்.
மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து
"கூலி பாக்கி நிக்குது, போகணும்" என்றாளாம்.

அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கு
நாடாவைத் தளர்த்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.
ரிஜிஸ்டரில் அவர்கள்
'காரணம் தெரியாக் காய்ச்சல்',
பக்கம் நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று.

ஒன்பது உண்ணியையும் இடுக்கியால் எடுத்து
ஒன்பது குப்பியில் போட்டேன்.
வாலில் ஒரு சொட்டு ரத்தம்.
எலியைப் பிடித்த இடத்திலேயே விட்டோம்.
திரும்பிப் பார்க்காமல் போனது.

மேஸ்திரி கேட்டார்:
"மருந்து வச்சு எலிய மொத்தமாத் தீர்த்துட்டா என்னங்க?"
பந்தி நடக்கும்போது இலையை எடுத்துவிட்டால்
பசியோடு வந்தவர்கள் வீட்டுக்கா போவார்கள்?
பக்கத்துப் பந்தியைத் தேடுவார்கள்.
அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
"பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கிட்டுக் காட்டுக்குள்ள போங்க" என்றேன்.
அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.
வேட்டி. ரப்பர் செருப்பு.
நானும் பார்த்தேன்.

ராத்திரி அஸ்தம்பட்டி வீட்டில்
குளியலறைக் கதவைத் தாழிட்டு
காது மடல், அக்குள், முழங்கால் மடிப்பு என்று தேடினேன்.
இடுப்பில், நாடா அழுத்துகிற இடத்தில்
கறுப்பாக ஒன்று.
இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வலித்தது.
மறுபடி இழுத்தேன்.

மச்சம்.
முப்பத்தாறு வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறது.