நான்கு துளைகள்

பிரிந்திசியில் இறங்கும்போது மதியம் இரண்டு.
ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியது.
ஒரு பூனை மட்டும் விழித்திருந்து
என் பெட்டியின் சக்கரச் சத்தத்தை வெறுத்தது.

கப்பல் இரவு பதினொன்றுக்கு.
கையிலிருந்த ஒன்பது மணி நேரத்தை
எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்
துறைமுகப் படிகளில் ஏறினேன்.
மேலே, ரோமானியர் நிறுத்திய தூண்
ஒன்று.
அருகில் இன்னொன்றின் பீடம்,
அதன்மேல் ஒரு துண்டுக் கல்,
அதன்மேல் வானம்.

"விழுந்ததை லெச்சேக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்"
என்றார் தெயோதோரோ.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
படியில் உட்கார்ந்து
பச்சை வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தவர்.
எப்போது என்றேன்.
கையை முதுகுக்குப் பின்னால் வீசினார்.
நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு;
குரலில் நேற்று இரவு.
"நாமே கொடுத்தோமாம். என்னைக் கேட்டார்களா?"

கீழே, மான்கொம்பு போல
இரண்டாய்ப் பிரிந்த நீர்
ஊரை முட்டிக்கொண்டு நின்றது.
மிளகு மூட்டை ஏதும்
இந்தப் படி ஏறியிருக்குமா என்று கேட்க நினைத்தேன்.
கேட்டிருந்தால்
அதற்கும் லெச்சேயைத்தான் திட்டியிருப்பார்.

இருட்டியதும் படகுத்துறையில்
வீடுகள் வரிசை கட்டின.
காரின் தலையில் மெத்தை,
மெத்தையின் மேல் சைக்கிள்,
சைக்கிளின் கம்பிகளுக்குள் ஒரு பித்தளை விளக்கு.
அல்பேனியக் குழந்தைகள்
இத்தாலிய மொழியில் சண்டை போட்டார்கள்,
அம்மாவிடம் புகார் சொல்லும்போது மட்டும்
அம்மாவின் மொழிக்கு மாறினார்கள்.

லுல்ஸிமை மேல்தளத்தில் பார்த்தேன்.
வேனைவிட்டு வரமாட்டேன் என்று
மாலுமியிடம் வாதாடித் தோற்று
காற்றில் வந்து நின்றவன்.
"கயிறு தாங்குமா?" என்று கடலைக் கேட்டான்.
கடல் பேசாததால் என்னை.
என்ன சரக்கு?
நாற்காலி.

செல்பேசியில் காட்டினான்:
பல் மருத்துவர் நாற்காலி,
வெளிர்ப்பச்சைத் தோல்,
துப்புவதற்கு ஒரு குட்டிக் கிண்ணம்.
லெச்சேயில் கடையை மூடிய டாக்டரிடம்
மூன்று ஞாயிறு பேரம் பேசி வாங்கியது.
அக்கா மிர்யேத்தாவுக்கு.
வ்லோராவில் மாடியில் அறை பார்த்தாயிற்று,
பெயர்ப்பலகை மாட்டியாயிற்று.
வாய் திறக்க ஆட்கள் இருக்கிறார்கள்,
உட்காரத்தான் இடமில்லை.

விரல் தவறி அடுத்த படம் வந்தது.
வெறுந்தரை.
நான்கு துளைகள்,
நடுவே வெளுக்காத ஓட்டில் ஒரு வட்டம்.
"இதை எதற்கு எடுத்தாய்?"
"தெரியவில்லை.
நாற்காலியைக் கழற்றிய பிறகும் டாக்டர்
அந்த இடத்தை மிதிக்காமல்
சுற்றிக்கொண்டுதான் போனார்."

தெயோதோரோ,
லெச்சேயிலிருந்தும் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் ஐயா.
சொன்னால் சந்தோஷப்படுவீர்களா என்று
எனக்குத் தெரியவில்லை.

இரவு முழுக்க எஞ்சின் உறுமியது.
நடைபாதைக் கம்பளத்தில் படுத்திருந்தவர்களைத்
தாண்டித் தாண்டி
யாரோ கழிவறை தேடினார்கள்.
தூங்காத என் நாக்கு
மேல்வரிசையில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் இடத்தைப்
போய்ப் பார்த்துவிட்டு வந்தது.
பிறகு, மறுபடியும்.

விடியலில் சசான் தீவு
யாரும் கூப்பிடாமலே எதிரே வந்தது.

சுங்க அதிகாரி தார்ப்பாயை விலக்கினார்.
தாள்களைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார்.
வாயைத் திறந்து
கீழ்வரிசையில் ஓரிடத்தைச் சுட்டினார்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

லுல்ஸிம் செல்பேசி விளக்கைப் பிடித்து
நிதானமாகக் குனிந்து பார்த்தான்.
பல்லைப் பற்றி அவனுக்கு
என்னளவுதான் தெரியும்.
"வியாழக்கிழமை வாருங்கள்" என்றான்.
"காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாம்."