பை மாற்றாதது

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
குல்சமான் ரிப்பேர் கடையில்
இது எனக்கு ஏழாவது வேக்கும் கிளீனர்.
எண்பது திர்ஹம் என்றான்.
பிளக்கே இல்லையே என்றேன்.
அறுபத்தைந்து, கூடவே ஒரு சுலைமானி.

பச்சைத் தகர உடம்பு,
கம்பெனிப் பெயரில் பாதி எழுத்து.
கட்டிலுக்கடியில் ஏற்கெனவே ஆறு.
"நீ எங்கேடா படுப்பே?" என்கிறான் மரியசூசை.

பகலெல்லாம் ஹோட்டல் கம்பளத்தில்
புது மெஷினைத் தள்ளுகிறவன் நான்.
இவற்றில் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை.
பையை மட்டும் பிரித்துப் பார்ப்பேன்.

யாரோ ஒருத்தியின் வரவேற்பறை:
பூனைமுடி, பிஸ்தா ஓடு,
வளைந்த ஹேர்பின்,
பால்பல் ஒன்று.
மிச்சமெல்லாம் மணல்.

பல்லைக் கழுவித்
தீப்பெட்டியில் வைத்தாயிற்று.
மணலை என்ன செய்ய?
ஜன்னல் வழியே கொட்டினால்
விடிவதற்குள் திரும்பி வந்துவிடும்.