ஏழாம் எண் பெட்டி

வாசல் பலகையில் கல்லூரி என்றுதான் இருக்கிறது.
கென்டக்கி மலையடியில் எங்கள் ஊருக்கு
இது இன்னும் பழைய பலசரக்குக் கடைதான்.
தேர்வு அறை இருக்குமிடத்தில்
முன்பு இறைச்சி விற்றார்கள்.
அந்தக் குளிர் இன்னும் இறங்கவில்லை.
ஜூலையிலும் ஸ்வெட்டரோடுதான் உட்காருகிறேன்.

என் வேலை சின்னது.
சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன்.
கடிகாரம், போன், சூயிங்கம், ஜெபமாலை
எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும்.
சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பேன்.
ஒரு சொல் உதவக் கூடாது.
இருமல் வந்தால்கூட
வெளியே போய்த்தான் இருமுவேன்.

கூரை போடுகிற டெல்மர் வந்திருக்கிறான்,
நகக்கண்ணில் தாரோடு.
பத்தொன்பது வயதுக் கெய்லின்
இரண்டு தாள்களுக்கு நடுவே காருக்கு ஓடி
குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தாள்.
பாதிப் படிப்பைச் சிறையில் முடித்த ஒருவன்
கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே
எழுதுவதை நிறுத்திவிடுவான்.

லோர்னா ஸ்டிடம் மூன்று முறை வந்தாள்.
ஐம்பத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
இருட்டோடு இஞ்சினை எழுப்பி
நாற்பத்தொரு பிள்ளைகளை மலையிலிருந்து இறக்கி
உயர்நிலைப் பள்ளி வாசலில் விடுகிறாள்,
பதினாறில் அவள் விட்டுப்போன அதே வாசலில்.
இருபத்துமூன்று வருடமாக
அந்தப் படியில் அவள் கால் படவில்லை.
அவசரத்துக்குக்கூட
எதிரே பெட்ரோல் பங்குக்குத்தான் போவாளாம்.

மொழித்தாள் முதல் தடவையே தேறியது. அறிவியலும்.
கணக்குதான்.
பின்னம் அவளைப் பின்னி எடுத்தது.
டீசல் முள்ளைப் பார்த்த மாத்திரத்தில்
எந்த மேட்டில் வண்டி நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவள்,
கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்றதும்
பிரேக் போட்டுவிடுவாள்.
முதலில் ஒன்பது குறைந்தது.
அடுத்த முறை இரண்டே இரண்டு.
"நூற்று நாற்பத்து மூன்று" என்றாள்,
பஸ் நம்பர் சொல்வதைப் போல.

பிறகு செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு.
பிள்ளைகள் சீட்டில் விட்டுப்போன
கடிபட்ட குட்டைப் பென்சில்களால்தான் எழுதினாள்.
யாருடைய பல்லோ.

மூன்றாம் முறை அக்டோபர் வெள்ளி.
நடுவில் ஒருதரம்
இரண்டு கையையும் மேசையோரத்தில் அகலப் பிடித்து
திரையையே பார்த்திருந்தாள்.
வளைவு வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.
எந்தக் கேள்வி என்று தெரியவில்லை.
வெளியே போய் இருமிவிட்டு வந்தேன்.

முடிவு சாயங்காலத்துக்குள் போனில் வந்துவிடும் என்றேன்.
அவ்வளவு சொல்ல அனுமதி உண்டு.
அவள் போன பிறகு பார்த்தால்
ஏழாம் எண் பெட்டி திறந்து கிடக்கிறது, சாவி இல்லை.
தொலைந்த சாவிக்கு எட்டு டாலர்.
படிவத்தை எழுதினேன்.
தேதியை மட்டும் போடவில்லை.

திங்கள் காலை.
பேருந்து நிற்காத எங்கள் வாசலில்
அந்த மஞ்சள் வண்டி வந்து நின்றது.
சிவப்பு விளக்குகள் மினுங்க
நிறுத்தப் பலகை பக்கவாட்டில் விரிந்தது.
அது விரிந்தால் சாலையில் ஒரு சக்கரமும் உருளக் கூடாது.
கரி லாரி நின்றது. ரொட்டி வேன் நின்றது.
ஷெரீப்பின் காரும் நின்றது.
நாற்பத்தொரு முகங்கள் ஜன்னலில்,
என்றைக்கும் இல்லாமல் விழித்துக்கொண்டு.
எந்தப் பிள்ளை இறங்கப்போகிறது என்று
இரண்டு பக்கமும் காத்திருக்க

லோர்னா இறங்கினாள்.

விதிப்படி அதுவும் தப்புத்தான்.
சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.
கதகதவென்று இருந்தது.
"நூற்று ஐம்பத்தொன்று" என்றாள்.

ரசீது வேண்டுமா என்று கேட்டேன்.
வேறெதுவும் என் வாயில் வரவில்லை.