சரக்கு: வீடு

பாளையம்புதூர் சுங்கச்சாவடியைத் தாண்டினால்
இடப்பக்கம் எங்கள் எடைமேடை.
இரவில் இதில் ஏறுபவை
கிரானைட், புளி மூட்டை, மாங்கூழ் டிரம்.
நேற்று ஒன்றரை மணிக்கு ஒரு சின்னக் கார்.
அதன் முதுகில் கொக்கி மாட்டி,
அதைவிட ஒரு முழம் உயரமாய்,
ஜன்னலுக்குத் திரை போட்ட வெள்ளைப் பெட்டி.

ஓசூர்ப் பட்டறையில் செய்ததாம்.
உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை,
பின்மூலையில் நூற்றைம்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி.
"திருச்செந்தூர் வரைக்கும் போறோம்" என்றார் மஞ்சுநாத்.
"லாரி முந்தும்போதெல்லாம் பின்னாடி ஆடுது.
எடை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

ரசீதில் சரக்கு என்று ஒரு கட்டம் உண்டு.
என்ன எழுத என்று கேட்டேன்.
"வீடு" என்றது
பின்சீட்டில் பாதித் தூக்கத்திலிருந்த பிள்ளை.
எழுதினேன்.

கார், ஆளோடும் பையோடும்: 1190.
கழற்றிவிட்டு, வீடு மட்டும்: 1360.
அப்புறம் அதன் மூக்கை மேடைக்கு வெளியே
சிமெண்டில் ஊன்றச் சொல்லி
சக்கரத்தை மட்டும் நிறுத்தேன்: 1350.
அதாவது கொக்கியில் உட்கார்ந்திருந்தது
பத்தே கிலோ.
ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை.
பாரமெல்லாம் வாலில்.
பிறகு ஆடாமல் என்ன செய்யும்?

"ஓசூரிலேர்ந்து இழுத்துச்சே" என்றார்.
இழுக்கும் சார்.
நிறுத்துமா?

அவர் மனைவி தேன்மொழியாள் ஒன்றும் பேசவில்லை.
டேஷ்போர்டைத் திறந்து,
பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத கையேட்டை எடுத்து
செல்போன் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாய்த் தேடினார்.
கண்டுபிடித்ததும் வாய்விட்டுப் படித்தார்:
பிரேக் உள்ள இழுவை வண்டி, அதிகபட்சம் ஆயிரம்.
இரண்டாவது முறை
கணவரைப் பார்த்துப் படித்தார்.

தொட்டியைத் திறந்துவிட்டோம்.
புங்கமரத்தடியில் நூற்றைம்பது லிட்டர் ஓடியது.
1210.
சைக்கிளைக் கழற்றலாம், சிலிண்டரை இறக்கலாம்,
கட்டிலை அறுக்கவா முடியும்?

இங்கிருந்து சாலை இறங்குகிறது.
இறங்குவதாய்க் கண்ணுக்குத் தெரியாது,
அதுதான் தொப்பூரின் குணம்.
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு
இரட்டைப் பாலத்தில் பிரேக்கைத் தேடியவர்களை
எனக்கு எடையாகத்தான் தெரியும்.
"ஆபரேட்டர் பெ. மாதம்மாள்" என்று
என் கையெழுத்துள்ள ரசீதை
போலீஸ்காரர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்,
இரண்டு முறை. ஒன்றில் ரத்தம்.
இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.
பிள்ளை விழித்திருந்தது.

மஞ்சுநாத் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.
டயரை ஒரு உதை உதைத்தார்.
மூன்றேகால் மணிக்கு
"இங்கேயே விடலாமா?" என்றார், யாரையும் பார்க்காமல்.
சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம்.
வீட்டை விட்டுவிட்டுக் குடும்பம் திரும்பிப் போனது.

நான்கு நாள் அது புங்கமரத்தடியில் நின்றது.
லாரிக்காரர்கள் டீக்கடை என்று நினைத்துக் கதவைத் தட்டினார்கள்.
ஒருநாள் மழைக்கு நானும் அதன் படியில் நின்றேன்.
உள்ளே போகவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் மச்சானின் ஜீப்போடு வந்தார்கள்.
ஜீப்: 1870.
சிலிண்டரும் சைக்கிளும் அச்சுக்கு முன்னால் வர,
தொட்டி காலியாக,
மூக்கில் எண்பது நின்றது.
"தண்ணி சேலத்துல பிடிச்சுக்கறோம்" என்றார் தேன்மொழியாள்.
ஜீப்பின் கையேடும் அவர் மடியில்தான்.

ரசீதில் சரக்குக் கட்டத்தை
இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

மூன்றாம் கியரிலேயே இறங்கினார்கள்.
லாரி ஒன்று உரசுவதுபோல் முந்தியது.
சிவப்பு விளக்குகள் இரண்டும்
கோடு போட்டதுபோல் போயின.
நான் கண்ணாடியை மூடிவிட்டு
அடுத்த வண்டியை ஏறச் சொன்னேன்.
புளி.