மடிந்த காது

சோடா காணாமல் போய் மூன்றாம் நாள்
நிரோஜனின் சாதாரண தரப் பரீட்சையில் மிஞ்சிய
நீர்வர்ணப் பெட்டியைத் திறந்தேன்.
பன்னிரண்டு வில்லைகளில் ஒன்பது உயிரோடு.
மண்ணிறம் நடுவில் குழி விழுந்து
விளிம்பு மட்டும் மிச்சம்.

போனில் படம் இல்லையா என்பீர்கள்.
இருந்தது. நாற்பத்தொன்று.
எல்லாவற்றிலும் வால், அல்லது
வால் இருந்த இடம்.
ஒழுங்கானது ஒன்றே ஒன்று:
பெனடிக்டா டச்சுக்குடா மணலில்
தன்னையும் சேர்த்து எடுத்த செல்ஃபி.
அதில் மடிந்திருப்பது இடது காது.
"செல்ஃபி திருப்பிக் காட்டும், வலதுதான்" என்றான் மகன்.
"திருப்பாது, இது புதுப் போன்" என்றாள்.
கையைக் காற்றில் நீட்டிப் பார்த்தேன்.
ஆறு வருஷம் அந்தக் காதைச் சொறிந்த விரல்கள்
சும்மா சொறிந்தன,
பக்கம் சொல்லவில்லை.

ஜாம் போத்தலில் கிணற்றுத் தண்ணீர்.
முதலில் நிறமில்லாமல் ஈரம் மட்டும்.
ஒரு நாயளவுக்குத் தாள் மினுங்கியது.
முதுகில் மண்ணிறத்தைத் தொட்டதும்
அது தன்பாட்டில் ஓடியது,
கேற் திறந்தால் அவன் ஓடுவதுபோல,
கூப்பிடக் கூப்பிட.
வயிற்றடியில் பழஞ்சீலையால் ஒற்றிப் பிடித்தேன்.
நெஞ்சின் வெள்ளைக்குப் பெட்டியில் நிறம் கிடையாது.
தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.
கண்ணுக்குள்ளும் கடுகளவு விட்டேன்.
கடைசியில் மூக்கு, கறுப்பு, கெட்டியாக.
அதுவரை அது கிழங்கு.

கொப்பிக் கடையில் கறுப்பு வெள்ளைதான்;
அதில் சோடா ஆட்டுக்குட்டி.
ஆகவே இன்னும் ஆறு தரம் வரைந்தேன்.
கடல் காற்றுக்கு ஒன்றும் காயவில்லை,
ஃபேனுக்குக் கீழே வரிசையாக
ஏழு நாய்கள் படபடத்தன.
நாலுக்கு இடது காது, மூன்றுக்கு வலது.
பெனடிக்டா எண்ணினாள். ஒன்றும் சொல்லவில்லை.

கோதுமை மாப் பசை.
பஸ் நிலையம், மீன் சந்தை, உட்துறைமுக வீதி.
கோட்டை வாசலில் ஒட்டியதை
மான்கள் தின்றுவிட்டன,
வாலில் தொடங்கித் தொலைபேசி இலக்கம் வரை.
அந்த மான்களைப் பார்த்துத்தான்
தொண்டை கட்டக் குரைப்பான்.

பிறகு அழைப்புகள்.
கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை ஹிதாயத்துல்லா:
"சீமெந்து மூட்டைக்கு மேல படுத்திருக்கு,
எழும்புதில்ல, வந்து பாருங்க."
உப்புவெளியிலிருந்து சுனில், பாதித் தமிழில்:
"படத்துல மாதிரியே மாத்தையா,
கலர் ஓடிப்போன நாய்."
சீனக்குடாவில் ரயில் கடவையருகே ஒரு பெண்
நான் மோட்டார் சைக்கிளை நிறுத்துமுன்பே சொன்னாள்:
"இது உங்கட நாய் இல்ல.
ஆனா படத்தில இருக்கிறது இதுதான்."
பார்த்தேன். உண்மைதான்.
போன இடமெல்லாம் நான் வரைந்த நாய்
எழும்பி நின்று வாலாட்டியது.

பதினோராம் நாள் விடியப்புறம், கொட்டும் மழைக்குள்,
கேற்றுக்கு அடியால் அவனே நுழைந்தான்.
கழுத்தில் யாரோ கட்டிய நீல நைலோன் கயிறு.
மூன்று பேரும் முதலில் பார்த்தது காதை.
நனைந்து இரண்டும் மடிந்திருந்தன.
உதறினான்.
ஜாம் போத்தல், மேசை, பெனடிக்டாவின் முகம்
எல்லாம் ஒரே புள்ளி.
காய்ந்த பிறகு பார்ப்போம் என்றோம்.
பிறகு சோறு வைத்தோம், கயிற்றை வெட்டினோம்,
மறந்துபோனோம்.

மழை சுவர்களை எல்லாம் கழுவிவிட்டது.
ஆனாலும் யாரோ இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.
நேற்று நிலாவெளியிலிருந்து ஒரு பிள்ளைக் குரல்:
"அங்கிள், உங்கட நாய்
ஹோட்டல் மதிலடியில நிக்குது."
சோடா என் காலில் தாடையை வைத்து நித்திரை.
"சாப்பிட்டதா?" என்றேன்.
"பாண் போட்டன்."
"இன்னொரு துண்டு போடுங்கோ" என்றேன்.