காசாளர் மூன்று

பிட்டோம் நகரில் ஒரு வங்கிக் கிளையை மூடினார்கள்.
கணினிகளைக் கிலோ கணக்கில் விற்றார்கள்,
பழைய இரும்பு விலைக்கு.
பதினொன்று வாங்கினேன்.
டிராம் பணிமனையின் கைவண்டியில்
பனிச்சேற்றில் மூன்று நடை.
மூன்றாம் நடையில் சக்கரம் கழன்றது.
கடைசி இரண்டையும் பிள்ளைகளைப்போல
இடுப்புக்கொன்றாய் இடுக்கிக்கொண்டு ஏறினேன்
நான்கு மாடி.

ஒட்டுச்சீட்டுகள் அப்படியே இருந்தன:
காசாளர் ஒன்று. காசாளர் மூன்று. கடன் பிரிவு.
மேலாளர் – தொடாதீர்.
காசாளர் இரண்டு என்ன ஆனார் என்று
எனக்கும் தெரியாது.

வன்தட்டுகளை வங்கியே பிடுங்கி வைத்துக்கொண்டது;
யாருடைய கடனும் என் வீட்டுக்கு வரவில்லை.
ரிஷார்ட் போகும்போது மெத்தையை எடுத்துப்போனான்,
கட்டில் சட்டத்தை விட்டுவிட்டான்.
அதன் குறுக்குப் பலகைகளில்
தாய்ப்பலகைகளை வரிசையாய்க் கிடத்தித் திருகினேன்.
திருகுக்கு அடியில்
பால் பாட்டில் மூடியை வட்டமாய் வெட்டிவைத்த துண்டு.
சுவரைத் துளைக்க வேண்டியிருக்கவில்லை.
கீழே நூறு வருடம் கரி வெட்டிய ஊர் இது,
வீடு தானாகவே விரிசல் விட்டிருந்தது;
கம்பியை அதன் வழியே விட்டேன்.
எட்டு உயிர்பெற்றன.
மூன்று, மற்ற எட்டுக்கும் உதிரி.

வேலை இதுதான்:
ஓர் எண். எண்பது லட்சம் இலக்கம்.
எழுதி நீட்டினால் என் டிராம் தடம் போதாது.
அது பகா எண்ணா என்று பார்க்க வேண்டும்.
எங்கெங்கோ கொட்டகைகளில், படிக்கட்டடிகளில்
என்னைப்போல் ஆயிரம் பேர்,
ஆளுக்குச் சில எண் வாங்கி மெல்லுகிறோம்.
ஓர் எண்ணுக்கு ஐம்பது நாள்.

பகா எண் என்றால்
ஒன்றாலும் தன்னாலும் அன்றி வகுபடாதது.
ரிஷார்டும் நானும் பகு எண்.
நீதிபதி இரண்டால் வகுத்தார்,
மீதி, கட்டில்.

கெண்டியைப் போட்டால் ஃப்யூஸ் போகும்.
எட்டும் ஒரே மூச்சில் அடங்கும்;
அப்புறம் வரும் அமைதி
பக்கத்து வீட்டு இருமல்வரை கேட்கும்.
மீண்டும் எழும்போது
காசாளர் மூன்றுக்கு மட்டும் தேதி நினைவில்லை.
உள்ளே பேட்டரி செத்துவிட்டது;
ஒவ்வொரு முறையும் அதற்கு
இரண்டாயிரத்து ஒன்று, ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
நான்தான் தேதி சொல்லித் திருத்துகிறேன்.
அந்த ஜனவரியில்
இந்தக் கட்டிலில் மெத்தை இருந்தது.

குளிருக்கு அடுப்பு மூட்டுவதில்லை.
கரிக்கு வைத்த பணம் மின்சாரத்துக்குப் போகிறது.
கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான்,
மாதம் நாற்பது ஸ்லோட்டி உதைக்கிறது.

இந்தப் பிப்ரவரியில் கூரையெல்லாம் பனி,
என் அறைக்கு மேல் மட்டும் கறுப்பு ஓடு.
எதிர்வீட்டார் யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.
இரண்டு போலீஸார் வந்தார்கள், கஞ்சாச் செடி தேடி.

"இதில் என்ன விளைகிறது?" என்றார் மூத்தவர், வொய்தாலா.
"பதில்."
"என்ன பதில்?"
"இல்லை என்று."
"எத்தனை முறை?"
"இரண்டு வருடத்தில் நூற்றுப் பதினேழு."
"ஒன்றுகூட ஆம் இல்லையா?"
"ஒன்றுகூட."
அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"எங்கள் பிழைப்பும் அதுதான் அம்மா.
கதவு கதவாய்த் தட்டி, இல்லை என்று எழுதுவது."

இளையவன் பேசவே இல்லை.
கையுறையை உருவி
கடன் பிரிவின் விசிறி முன் விரல்களை நீட்டினான்.
எந்த வங்கியிலும் கடன் பிரிவு
யாரையும் இவ்வளவு நேரம் நிற்கவிட்டதில்லை.

செடி ஏதுமில்லை, எந்திரங்கள், வெப்பம்
என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார்கள்.

இன்று விடிகாலை மூன்றரை. முதல் டிராம் என்னுடையது.
இருக்கும் ஒரே திரையை
ஒவ்வொன்றாய் மாற்றிச் செருகிப் பார்க்கிறேன்.
காசாளர் ஒன்று முடித்துவிட்டது:
வகுபடும்.
நூற்றுப் பதினெட்டு என்று சுவரில் கோடு கிழித்து
புது எண் வாங்கிக் கொடுத்தேன்.
மேலாளர் இன்னும் அறுபத்தொரு சதவீதம்,
எப்போதும்போல் எல்லோருக்கும் பின்னால்.
தொடாதீர் என்றிருக்கிறது. தொடவில்லை.
அதன்மேல் காயப்போட்டிருந்த காலுறையை மட்டும்
எடுத்து மாட்டிக்கொண்டேன்.