இருபத்தைந்தாவது தூண்

வாடிப்பட்டித் தேங்காய்க் கிட்டங்கிக்கு
இருபத்து நான்கு தூண்.
கப்பலூர் ஷெட்டின் மாடி அறையில்
மூன்று வாரமாகத் திரையில் நிறுத்தினேன்.
மவுஸை உருட்டினால் கிட்டங்கி சுழலும்.
கூரைக்கு மேலே போய்ப் பருந்தாகலாம்,
தரைக்கடியில் புகுந்து
அடித்தகடுகளை அண்ணாந்து பார்க்கலாம்.

ஒரே ஒரு சொடுக்கு.
கட்டடம் உதிர்ந்து பட்டியலாயிற்று:
பர்லின் நூற்றுப் பன்னிரண்டு,
இருபது எம்எம் போல்ட் அறுநூற்று எழுபத்திரண்டு,
நட்டு அவ்வளவே, வாஷர் அதற்கிரட்டி.
மழைத்தண்ணீர் தேங்காதிருக்க
நான் பார்த்துப் பார்த்து வைத்த சாய்வு
எங்கே போயிற்றென்று தெரியவில்லை.
எடை மட்டும் இருந்தது,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சுத்தமாக.

யாரும் தூணை எண்ணவில்லை.
துவாரகநாத் சார் மொத்த டன்னைப் பார்த்தார்,
கையெழுத்திட்டார்.
லாரி வந்தது.

கீழே ஒச்சப்பன் சாக்பீஸால்
ஒவ்வொன்றாய் நம்பர் போட்டுவந்து
கடைசியில் நின்றார்.
"ஏம்மா முத்துராக்கு,
ஆயிரங்கால் மண்டபத்துலயே
பதினஞ்சு குறையும்பாங்க.
ஒன் கணக்குல ஒண்ணு கூடுதே?"

மாடிக்கு ஓடித் திரையைத் திறந்தேன்.
வரிசையாய்த் தொட்டுத் தொட்டு வந்து
கிரிட் டி-மூன்றில் இருந்த தூணை அழித்தேன்.
தூண் அங்கேயே நின்றது.

ஒரு தூணுக்குள் இன்னொரு தூண்
மயிரிழை பிசகாமல்.
எந்தப் பின்னிரவிலோ
நகலெடுத்து, ஒட்டி,
நகர்த்த மறந்திருக்கிறேன்.
அன்று வீட்டிலிருந்து என்ன போன் வந்தது,
எதற்காக எழுந்து வெளியே போனேன்,
அதற்கெல்லாம் பட்டியலில் கட்டம் இல்லை.

கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு.
நான் கண்ணைத்தான் நம்பியிருந்தேன்.

இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு கிலோ.
சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று
மூன்று நாள் சோறு இறங்கவில்லை.
பிடித்தார்கள், பாதி.

இப்போது அது கேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
மத்தியானம் தொட்டால் சுடும்.
வெயில் தாழ்ந்ததும் லோடுமேன்கள் அதில் உட்கார்ந்து
பரோட்டாப் பொட்டலம் பிரிக்கிறார்கள்,
சால்னா சிந்தினால் துடைப்பதுகூட இல்லை.
ஆயுத பூஜைக்கு யாரோ
அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.
பாதி விலை கொடுத்தவள் நான்.
இதுவரை உட்கார்ந்ததில்லை.

நேற்றிலிருந்து மேலூரில் ஒரு கல்யாண மண்டபம்.
பட்டியல் எடுக்கும் முன்னால்
ஒவ்வொரு தூணாக
ஒரு சாண் இழுத்து நகர்த்திப் பார்க்கிறேன்,
உள்ளே யாராவது நிற்கிறார்களா என்று.